நஸ்மியா அத்தை பிறந்த பனி

எங்கள் அஜ்லூன் மலையில் அந்தத் தலைமுறைக்குப் பிறந்த தேதி கிடையாது, பனிதான் உண்டு. ஐம்பதாம் வருடம் கூரைகளை உடைத்துப் போட்டது பெரிய பனி. ஏழு வருடம் கழித்து ஆலிவ் கிளைகளை முறித்ததோடு போனது சின்ன பனி. பிறப்பு, இறப்பு, ஆடு தொலைந்தது எல்லாவற்றுக்கும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். ஊரில் குழப்பமில்லாமல் இருந்த ஒரே விஷயம் அது. அதையும் என் நஸ்மியா அத்தை கெடுத்து வைத்தாள்.

அத்தை பெரிய பனியில் பிறந்தவள். பெண் கேட்டு வந்த சலீம் மாமாவின் தாயாருக்கோ இருபதைத் தாண்டாத மருமகள்தான் வேண்டுமாம். அப்போது அத்தைக்கு இருபத்தைந்து. "நான் சின்ன பனி" என்று கூசாமல் சொல்லிவிட்டாள். அடையாள அட்டையிலும் அப்படியே எழுத வைத்தாள். முதலில் சிரித்த ஊர், நாற்பது வருடம் அவள் வாயால் கேட்டுக் கேட்டு நம்பியேவிட்டது.

கெட்டிக்காரிதான், நான் மறுக்கவில்லை. மாமா போன பிறகு ஆட்டுத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, உருண்டை பிடித்து, ஆலிவ் எண்ணெயில் போட்டு விற்றே மூன்று பிள்ளைகளை ஆளாக்கினாள். ஆனால் வயதைப் பற்றி வாய் திறந்தால் வாங்க வந்தவனையும் துரத்திவிடுவாள். இப்படி ஒரு பிடிவாதத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

போன குளிர்காலத்தில் ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுக்க அறிவிப்பு வந்தது. ஐம்பதிலும் அதற்கு முன்பும் பிறந்தவர்களுக்குத்தான் இடம். அத்தை பயணத்துக்கான வெள்ளை உடையைத் தைத்து வைத்துப் பல வருடம் ஆகிறது. அவள் இதயத்தைச் சோதித்த டாக்டர் அடுத்த வருடத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மறுநாள் காலை என் மினிபஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"டேய் மாஜித், என் வயசைத் திருப்பி வாங்கணும்டா."

"யாரு தூக்கிட்டுப் போனாங்க அத்தை?"

"நக்கல் வேண்டாம். வண்டியை எடு."

ஊரிலேயே மூத்தவர் அபூ ரிஸ்க். அவரைச் சாட்சியாகக் கோர்ட்டுக்கு அழைத்துப் போனேன். மனுஷர் நீதிபதி முன்னால் நெஞ்சில் கை வைத்து, "சத்தியமா சொல்றேன், இந்தப் பொண்ணு சின்ன பனி. அவளே நூறு தடவை சொல்லியிருக்கா" என்றார். அத்தை முறைத்த முறைப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது. எழுத்தில் ஏதாவது கொண்டு வாருங்கள் என்று நீதிபதி நான்கு நாள் தவணை கொடுத்தார். அதற்கு மறுநாள் பெயர் கொடுக்கக் கடைசி நாள்.

பெரிய பனியின் தேதி வெட்டப்பட்ட கல் ஊரில் ஒன்றே ஒன்று, அதுவும் கல்லறையில். அத்தையின் பழைய தோழி உம் ஃபவ்வாஸின் தாயாருடையது. அந்தப் பனியில் வழி அடைபட்டதால் நிறைமாதக்காரிகள் இருவர் எங்கள் பழைய வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். ஒரே நாளில் ஒருத்தி உம் ஃபவ்வாஸைப் பெற்றாள், இன்னொருத்தி அத்தையைப் பெற்றாள். அந்தக் கல்லோடு உம் ஃபவ்வாஸ் வந்து சொன்னால் போதும். அத்தையோ அவளோடு பேசுவதை நிறுத்தி நாற்பது வருடம். "நாம ஒரே வயசுதானே" என்று அவள் கல்யாணப் பந்தலில் கேட்டதுதான் குற்றம்.

நான்காம் நாள் மதியம் வரை இழுத்தடித்துவிட்டு, வெளியே பனி கொட்டும்போது, "கிளம்பு, அவ வீட்டுக்கு" என்றாள். என் தலையெழுத்து, டயருக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டு போனேன்.

உம் ஃபவ்வாஸ் ஒன்றும் கேட்காமல் காபி ஊற்றினாள். அத்தை கோப்பையைத் தொடாமல் தரையில் வைத்தாள். வேண்டியது கிடைக்காமல் குடிக்க மாட்டேன் என்று எங்கள் பக்கம் அதற்கு அர்த்தம்.

"ஆறட்டும்" என்றாள் உம் ஃபவ்வாஸ். "முதல்ல நீ எப்போ பொறந்தேன்னு சொல்லு."

"உனக்குத் தெரியாதா?"

"உன் வாயால கேக்கணும்."

அத்தை சுவரைப் பார்த்தாள். எனக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கோர்ட் மூட இன்னும் இரண்டு மணி நேரம்தான்.

"பெரிய பனி" என்றாள் கடைசியில்.

"எங்கம்மா என்னைப் பெத்துட்டுக் கண்ணை மூடினா. பனியில குழி வெட்ட மூணு நாள் ஆச்சு. நீ சின்ன பனின்னா, அந்த மூணு நாளும் எனக்குப் பால் குடுத்தது யாரு? நீ பொறக்காம உங்கம்மாவுக்குப் பால் எங்கேருந்துடி வந்துச்சு?"

உம் ஃபவ்வாஸ் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நீ உன் வயசைக் குறைச்சதா நினைச்சிட்டிருந்த. ஒரே பால் குடிச்ச, எனக்கு இருந்த ஒரே கூடப்பிறப்பை இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச."

அத்தை அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது மாமா இறந்தபோதுதான், இது இரண்டாவது தடவை. உம் ஃபவ்வாஸ் கோப்பையை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"குடிச்சுத் தொலை. வர்றேன்."

கல்லறையில் பனியைத் தள்ளி, செல்போனில் கல்லைப் படமெடுத்துக்கொண்டு, மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது கோர்ட்டுக்குள் நுழைந்தோம். நீதிபதி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். உம் ஃபவ்வாஸ் சொன்னதை எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, சாட்சிக்கும் மனுதாரருக்கும் என்ன உறவு என்று கேட்டார்.

உம் ஃபவ்வாஸ் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"என் அக்கா. எங்கம்மா பால்தான் குடிச்சா." சற்று நிறுத்தி, "என்னைவிட ஒரு மணி நேரம் மூத்தவ. அதையும் எழுதிக்குங்க" என்றாள்.

அந்த ஒரு மணி நேரத்தையும் விட மாட்டாளா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். உம் ஃபவ்வாஸ் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, "ஆமாங்க, தங்கச்சிதான்" என்றாள்.