சாந்து வைக்காத கல்

எங்கள் வரிசை வீடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். அந்தக் காலம் போல வருமா என்று ஒருவர் பெருமூச்சு விடுவார். புகையிலும் மூட்டைப்பூச்சியிலும் கிடந்து சீரழிந்ததை மறந்துவிட்டீர்களா என்று இன்னொருவர் பாய்வார். நான் இரண்டாவது ஆளின் கட்சி. அந்தப் பழைய லயத்து வரிசையைச் சொர்க்கம் என்று யாராவது என் காதுபடச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் நடுச்சுவரை உயர்த்தியது நல்லதா கெட்டதா என்று கேட்டால் மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை.

அட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பஸ் ரோட்டில், டவுன் கடைகள் முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் அந்த வரிசை இருந்தது. ஒரே தகரக் கூரையின் கீழே ஆறு வீடுகள். முன்னால் நெடுக இஸ்தோப்பு என்கிற திண்ணை, அதில்தான் விறகு, கூடை, கோழி எல்லாம். பின்னால் மலையிலிருந்து இறங்கி வந்து விழும் பீலித் தண்ணீர். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் நான் கல்யாணமாகி அங்கே வந்தேன். மாமனார் தோட்டத்தில் பேர் பதிந்த ஆள். என் வீட்டுக்காரர் டவுன் ஸ்டேஷனில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் கொண்டுவந்த சீர் என்றால் ஒரு தையல் மெஷின்தான். அதை வைத்து ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் இருந்த சுவர் ஓர் ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் கூரை வரைக்கும் வெறும் இடைவெளி. முதல் வீட்டில் கருவாடு சுட்டால் ஆறாவது வீட்டுக்காரருக்குப் பசி எடுக்கும். ஒருவர் தும்மினால் ஐந்து வீட்டில் சிரிப்பார்கள். புதுப் பெண்ணாக வந்த நாளில் நானும் இவரும் மனம்விட்டுப் பேசியது மழை பெய்யும்போது மட்டும்தான். தகரத்தில் மழை விழுந்தால் யாருக்கும் எதுவும் கேட்காது. அந்த ஊரில் மழைக்குப் பஞ்சமில்லை என்பதால் எங்கள் குடும்பம் ஒருவாறு நடந்தது.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். புருஷனை இழந்தவள். கொழுந்து பறிக்கப் போவாள். அவளுக்கு ஒரே மகள். அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்ற இடத்தில் விழும். நெருப்பும் தண்ணீரும்தான் ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வேலைக்குப் போகாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகவும் முடியாது. அங்கே ஒருமுறை விழுந்தபோது பேய் பிடித்திருக்கிறது என்று மற்றப் பெண்கள் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள்.

"எங்க வீட்டுல விட்டுட்டுப் போங்கக்கா. மெஷின் பக்கத்துல உக்காந்திருக்கட்டும்" என்றேன்.

"வேணாம் தங்கச்சி. ஒங்கிட்ட அளவு குடுக்க நாலு பேரு வருவாங்க. எம்புள்ள விழுறத வேடிக்க பாப்பாங்க. அவ வீட்டுலயே இருக்கட்டும். ஒன் காத மட்டும் இந்தப் பக்கம் வையி."

அவளே ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தாள். பிள்ளை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன செய்கிறதோ அதைச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். பேச்சு நின்றால் நான் எழுந்து ஓட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

"சின்னம்மா, வெங்காயம் உரிக்கிறேன். சின்னம்மா, பூன வந்து அடுப்புகிட்ட படுத்துக்கிச்சு. சின்னம்மா, இது அழுகுன வெங்காயம்." நாள் முழுக்க இப்படித்தான். நான் ஒரு தையல் ஓட்டுவேன், காலை நிறுத்திக் காதைக் கொடுப்பேன், மறுபடி ஓட்டுவேன். பெருமழைக் காலத்தில் மட்டும் அக்கா பிள்ளையை என்னிடம் விட்டுப் போவாள். அந்த மழையில் அளவு கொடுக்க யார் வரப்போகிறார்கள்? பொய் சொல்லக்கூடாது, சில நாள் அந்தப் பேச்சு எனக்குத் தலைவலியாகவும் இருந்திருக்கிறது. ஆனாலும் அந்த வருஷங்களில் நான் தைத்த துணி எல்லாமே அந்தக் குரலோடு சேர்த்துத் தைத்ததுதான்.

பிறகு டவுன் எங்களை நோக்கி வளர்ந்தது. ரோட்டோரத்து நிலத்தையும் எங்கள் வரிசையையும் தோட்டத்திலிருந்து ஒரு கடை முதலாளி வாங்கினார். எதிரே இருந்த தேயிலையைப் பிடுங்கிவிட்டு பலகை விற்கும் மரக்காலை வந்தது, அதற்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. பிறகு லைட் கம்பம் நட்டார்கள். தோட்டத்து ஆட்களை மேல் மலையில் இருந்த வேறு லயத்துக்குப் போகச் சொன்னார்கள். போனார்கள். அவர்கள் வீடுகளுக்கு டவுன் ஆட்கள் குடிவந்தார்கள். ஒரு பேக்கரிக்காரர், ஒரு பஸ் கண்டக்டர், யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர். என் வீட்டுக்காரருக்கு டவுன் வேலை என்பதால் நாங்கள் வாடகைக்கு அங்கேயே இருந்துவிட்டோம். தோட்டத்து ஆட்களில் அக்கா மட்டும் போகவில்லை. மேல் லயத்தில் சும்மா கிடைக்கும் வீட்டை விட்டுவிட்டு முதலாளிக்கு வாடகை கொடுத்துக்கொண்டு இருந்தாள். எல்லோரும் அவளைப் பைத்தியக்காரி என்றார்கள். அவள் எதற்காக இருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் முதலாளி இஸ்தோப்பில் வந்து நின்று, நடுச்சுவரைக் கூரை வரைக்கும் உயர்த்தப் போவதாகச் சொன்னார். அதன்பிறகு வீட்டுக்கு வீடு லைட்டும் வருமாம். எல்லோருக்கும் சந்தோஷம்.

வாத்தியார்தான் முதலில் பேசினார். "இது நல்ல விசயம்தானே. வீடெண்டா ஒரு மறைப்பு இருக்கத்தான் வேணும். இந்தப் புகையுக்கை இருந்து மனிசர் என்னெண்டு படிக்கிறது?"

"மாஸ்டர் சொல்றது சரிதாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் நானும் சேர்ந்து சண்டை பிடிக்கத் தயாராக நின்றேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கட்டட்டுங்க. நல்லதுதான்" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பீலியடியில் வைத்து அவளைப் பிடித்துக்கொண்டேன். "எந்த நெனப்புல சொன்னீங்க? எனக்கு எப்புடிக் கேக்கும்?"

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "அவளுக்கு வயசு வருது தங்கச்சி. அவ விழுறதும் ஒளர்றதும் ஆறு வீட்டுக்கும் கேக்குது. நாளைக்கு எவனாச்சும் பொண்ணு கேட்டு வந்தா இவுங்க வாய நான் மூட முடியுமா? ஊருக்குக் கேக்கக் கூடாது. ஒனக்கு மட்டும் கேக்கணும். அதுக்கு ஒரு வழி பண்றேன்."

சுவர் வைக்க வந்த மேசன் பாஸ் சிங்களவர், கினிகத்தேனைப் பக்கத்து ஆள். அக்காவுக்குத் தெரிந்த சிங்களம் கடையில் அரிசி கேட்க மட்டும்தான் போதும். அவரை அடுப்பங்கரைக்குக் கூட்டிப் போனாள். மகளைக் காட்டினாள், அடுப்பைக் காட்டினாள், என் வீட்டுப் பக்கம் கையை நீட்டினாள், தன் காதைத் தொட்டாள். அந்த மனிதர் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் எழுப்பிய சுவரில் ஒரே ஒரு செங்கல்லைச் சாந்து வைக்காமல் செருகிவிட்டார். என் பக்கம் அது வெளியே தெரியாது. எடுத்தால் ஒரு கை நுழையும் அளவுக்குத் துவாரம்.

அன்றிலிருந்து அக்கா விடியற்காலையில் கொழுந்துக் கூடையை மாட்டுவதற்கு முன் முக்காலியில் ஏறிக் கல்லை உருவி வைப்பாள். சாயங்காலம் வந்து திரும்பச் செருகுவாள். கல் உரசும் சத்தம் கேட்டால் என் வேலை தொடங்கும், மறுபடி கேட்டால் முடியும். குரல் முன்பைவிடச் சன்னமாக வந்தது. மெஷினைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன்.

ஒரு நாள் முற்பகலில், "சின்னம்மா, பருப்பு பொங்..." என்று பாதியில் நின்றுவிட்டது. ஓடினேன். பிள்ளை அடுப்பை ஒட்டி விழுந்து கைகால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. தாவணித் தலைப்பில் நெருப்பு பிடித்திருந்தது. கையாலேயே அடித்து அணைத்து, இழுத்துப் போட்டேன். என் உள்ளங்கைத் தழும்பு அப்போது வந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் போட்ட கூச்சலில் கல்லின் ரகசியம் வரிசை முழுக்கத் தெரிந்துபோனது. முதலாளி வந்து துவாரத்தைப் பார்த்து முகம் சுளித்தார். நல்ல சுவரைக் கெடுத்துவிட்டீர்கள், சாந்து வைத்துப் பூசச் சொல்கிறேன் என்றார்.

பின்னால் நின்ற வாத்தியார் தொண்டையைச் செருமினார். "அதை அப்பிடியே விடுங்கோ. புகை போகவும் ஒரு வழி வேணுமெல்லோ."

புகை என்று சொல்லித்தான் அவர் சுவரே கேட்டவர். முதலாளி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு அந்தக் கல்லைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ வரிசையில் யாரும் வாயெடுக்கவில்லை. சுவர் வந்து மனிதர்கள் கெட்டுப்போனார்கள் என்று பேசுகிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கும்.

பிள்ளை வளர்ந்து பெரிய பெண்ணானாள். பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. அக்கா பிரஜாவுரிமைக்குப் போட்ட மனு தள்ளுபடியாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்து ஜனங்களில் இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் இந்தியாவுக்கு என்று இரண்டு நாட்டுத் தலைவர்களும் பேசி முடித்த சேதி வந்ததும் அவளுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. ஏற்கெனவே இந்தியப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தாள். துறையூர்ப் பக்கத்தில் அண்ணன் இருந்தார். எப்படியும் துரத்தத்தான் போகிறார்கள், நாமாகவே போனால் மரியாதையோடு போகலாம் என்றாள்.

"அண்ணன் வீடு தனி வீடு தங்கச்சி. சுத்திலும் காடு. பக்கத்துல ஒரு வீடு கெடையாது" என்று பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அவள் முகம் மாறியது. அங்கேயும் அவள் கூலிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அண்ணனும் அண்ணியும் விடிந்தால் காட்டுக்குப் போகிறவர்கள். யார் கேட்பார்கள் என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஸ்டேஷன் வரைக்கும் போனேன். தலைமன்னாருக்குப் போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களுமாகக் கூட்டம் கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருந்தது. அந்தப் பெண் அழவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "சின்னம்மா, பெட்டிய மேல வச்சிட்டேன். சின்னம்மா, கொடி காட்டுறாங்க. சின்னம்மா, கெளம்புது." ரயில் நகர்ந்த பிறகும் அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போல மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு தையல் ஓட்டினேன். காலை நிறுத்திக் காதைக் கொடுத்தேன். சத்தமில்லை. கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினேன்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. அடுப்பு ஆறிக் கிடந்தது. வெற்று வீட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. முக்காலியின் மேல் அந்தக் கல் இருந்தது. கிளம்புகிற அன்றைக்கும் அக்கா பழக்கத்தில் அதை உருவி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த அடுப்பங்கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். துவாரம் என் தலைக்கு மேலே திறந்தே இருந்தது. அழுத சத்தம் அது வழியாக என் வீட்டுக்குள் போயிருக்கும். மெஷின் பக்கத்தில் கேட்க யாரும் இல்லை.