மாமி பிடிச்ச வீடியோ

ஒன்லைனிலை படிப்பிக்கிற ஆக்கள் எல்லாம் பொறுமைசாலியள் எண்டு ஆரும் நினைச்சால் அது பேய்க்கதை. என்னைக் கேளுங்கோ. உரும்பிராயிலை வீட்டு மேசையிலை இருந்துகொண்டு, முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா படிக்கிற பொம்பிளையளுக்கு நான் பின்னூட்டம் குடுக்கிறன். அவை சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறதை வீடியோ எடுத்து அனுப்புவினம். நான் பாத்திட்டு, எது சரி எது பிழை எண்டு வட்ஸ்அப்பிலை வொய்ஸ் அனுப்போணும். வேலை அவ்வளவுதான். ஆனால் எங்கடை நிறுவனம் அதுக்கும் ஒரு சட்டம் வைச்சிருக்கு.

முதலிலை ஒரு பாராட்டு, நடுவிலை பிழை, கடைசியிலை திரும்பவும் ஒரு பாராட்டு. இரண்டு பாண் துண்டுக்கு நடுவிலை சம்பல் வைச்ச மாதிரி. கொழும்பிலை இருக்கிற இணைப்பாளர் தம்பி, வயது என்னைவிடக் குறைவு, கதை மட்டும் பெரிசு, சூமிலை வந்து இதை எங்களுக்கு வகுப்பெடுத்தவர். "மாணவர்களின் மனம் நோகக் கூடாது மிஸ்" எண்டார். எனக்கு வாய் சும்மா கிடக்காது. "பிழையை வடிவாச் சொன்னால்தானே தம்பி திருத்துவினம்?" எண்டு கேட்டன். அவர் சிரிச்சுப்போட்டு அடுத்த ஸ்லைட்டுக்குப் போட்டார். பிறகென்ன, நானும் பாண் வெட்டத் தொடங்கினன். அலுப்பான நாளிலை சம்பலே இல்லாமல் வெறும் பாண்தான் போகும்.

அப்பதான் பருத்தித்துறைப் பக்கத்திலை இருந்து ஒரு பிள்ளை வந்து சேந்தது. பிள்ளை எண்டு வாய்க்கு வருது, கலியாணம் கட்டின ஆள். மனுசன் கடலுக்குப் போறவர். அவ ஊர் முன்பள்ளியிலை கனகாலமா உதவியாளரா நிக்கிறா. அங்கத்தைப் பெரிய ரீச்சர் கனடாவுக்குப் போகப் போறாவாம். டிப்ளோமா பாஸ் பண்ணினால் அந்த இடம் இவவுக்கு. இல்லாட்டி வெளியிலை இருந்து ஒராளைக் கொண்டுவந்து போடுவம், உதவியாளரும் தேவையில்லை எண்டு நிர்வாகக் குழு முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டுது. "எனக்கு வேறை வேலை தெரியாது ரீச்சர், பிள்ளையளை விட்டிட்டு இருக்கவும் ஏலாது" எண்டு முதல் நாளே என்னட்டைச் சொன்னவ.

முதல் வீடியோ வந்தது. மீன் கதை சொல்லுறா, பாட்டுப் பாடுறா, கையாலை நீந்திக் காட்டுறா. எல்லாம் இருக்கு. ஆனால் ஆள், கலியாண வீட்டிலை படம் பிடிக்க நிப்பாட்டின பொம்பிளை மாதிரி விறைச்சுப்போய் நிக்கிறா. என்ன பிழை எண்டு யோசிக்க எனக்கு அண்டைக்கு அலுப்பு, பஞ்சியாக் கிடந்தது. பாணை எடுத்தன். "உங்கடை குரல் கணீரெண்டு வலு வடிவா இருக்கு, இப்பிடிக் குரல் ஆயிரத்திலை ஒருவருக்குத்தான் வாய்க்கும்" எண்டு நல்லாப் பப்பாவிலை ஏத்தி அனுப்பினன்.

இரண்டு மூண்டு நாளாலை அதே நம்பரிலை இருந்து போன் வந்தது. எடுத்தால் வேறை குரல்.

"பிள்ளை ரீச்சர், நான் அவளின்ரை மாமி கதைக்கிறன்."

மாமியார். போன் மாமியின்ரை போன். பிரான்ஸிலை இருக்கிற மூத்த மகன் வாங்கி அனுப்பின நல்ல போன் எண்டதாலை மருமகளின்ரை படிப்பும் அதிலைதான் நடக்குது.

"உங்கடை வொய்ஸை வீட்டுக்கு முன்னாலை முத்தத்திலை வைச்சுச் சத்தமாப் போட்டனாங்கள். மீன் வாங்க வந்த சனமெல்லாம் நிண்டு கேட்டது. அண்டைக்குப் பின்னேரமே அவளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. இப்ப வாயைத் திறந்தால் காத்துத்தான் வருது."

"பனியாயிருக்கும் அம்மா."

"சித்திரை வெய்யிலிலை பனியோ? நாவூறு ரீச்சர், நாவூறு! செத்தல் மிளகாயும் உப்பும் சுத்தி அடுப்பிலை போட்டனான், ஒரு நெடி வரேல்லை. அவ்வளவு பட்டிருக்கு. உங்கடை கண்டறியாத பாராட்டு இனி எங்களுக்கு வேண்டாம். பிழையைச் சொல்லுங்கோ. பிழை சொன்னால் ஒண்டும் ஆகாது."

எனக்குக் கொதியும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆயிரத்திலை ஒண்டு எண்டு நான் ஏத்தின குரலை என்ரை நாக்கே திண்டுபோட்டுதாம். ஆனால் போனை வைச்சாப்பிறகு யோசிச்சுப் பாத்தன். பிழையைச் சொல்லு எண்டு என்னட்டை வாய் திறந்து கேட்ட முதல் சீவன் இந்த மனுசிதான். கொழும்புச் சட்டம் ஒரு பக்கம் கிடக்கட்டும் எண்டு, அந்த வீடியோவைத் திரும்ப முதலிலை இருந்து பாத்தன். இந்தமுறை உண்மையாவே பாத்தன்.

முன்னாலை இருந்த ஒரு சின்னன் கையைத் தூக்கி, "ரீச்சர், மீன் நித்திரை கொள்ளுமோ?" எண்டு கேக்குது. என்ன அருமையான கேள்வி! இவ "கையைக் கட்டு" எண்டு சொல்லிப்போட்டுக் கதையைத் தொடருறா. அதைவிட ஒரு புதினம். ஒவ்வொரு வசனம் முடியவும் இவவின்ரை கண் மேலை போகுது. கமராவைப் பாக்கிறா எண்டு நினைச்சன். சத்தத்தைக் கூட்டிக் கேட்டால், பின்னாலை இருந்து ஒரு குரல் குசுகுசுக்குது: "சீலையை இழு." "சத்தமாச் சொல்லன்." "அந்தப் பெடியனை இருக்கச் சொல்லு."

அட கடவுளே, வீடியோப் பிடிக்கிறதும் மாமி! இவ முழுப் பாடத்தையும் பிள்ளையளுக்குப் படிப்பிக்கேல்லை, மாமிக்கு ஒப்புவிக்கிறா.

சிரிச்சு முடியத்தான் சோதினை ஞாபகம் வந்தது. கடைசி வீடியோவிலைதான் பாஸ், பெயில். பிள்ளையளோடை எப்பிடிக் கதைக்கிறா எண்டதுக்குத்தான் அதிலை கூடப் புள்ளி. இப்பிடியே செய்தால் இடம் போச்சு. ஆனால் இந்தப் பிழையை நான் எங்கை சொல்லுறது? மாமியின்ரை போனுக்கு, மாமி சத்தமாப் போட, மீன் வாங்க வந்த சனத்துக்கு முன்னாலை! சூமிலை தனியக் கதைப்பம் எண்டு கூப்பிட்டும் பாத்தன். பக்கத்திலை மாமி பாக்கு வெட்டிக்கொண்டு இருந்தா. நான் வெய்யிலைப் பற்றிக் கதைச்சுப்போட்டு வைச்சிட்டன்.

அடுத்த நாள் காலமை தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு, வாறது வரட்டும் எண்டு பதிஞ்சன். "பிள்ளை, நீங்கள் போன் பிடிக்கிற ஆளுக்குப் படிப்பிக்கிறியள். அவவைப் பாக்கிற நேரத்திலை ஒரு குழந்தை கேட்ட நல்ல கேள்வியை விட்டிட்டியள். மீன் நித்திரை கொள்ளுமோ எண்டதுக்கு மறுமொழி தெரியாட்டிப் பரவாயில்லை, சேந்து யோசிச்சிருக்கலாம். கடைசி வீடியோவை ஆரும் பிடிக்க வேண்டாம். போனை எங்கையாவது சாத்தி வையுங்கோ."

மேலையும் பாண் இல்லை, கீழையும் பாண் இல்லை. கேட்டாச்சு எண்டு வட்ஸ்அப்பிலை நீலச் சரி விழுந்தது. மறுமொழி இல்லை. அண்டைக்கு இல்லை, அடுத்த நாளும் இல்லை. ஒரு வீட்டுக்கை நெருப்பு வைச்சுப்போட்டன் எண்டு எனக்குச் சோறு இறங்கேல்லை.

கடைசித் திகதியிலை வீடியோ வந்தது. பாத்திட்டுத் தலையிலை கையை வைச்சன். போனை ஏதோ கதிரையிலை சாத்தியிருக்கினம், அது சரிஞ்சு போய்க் கிடக்கு. பாதி நிலம், பிள்ளையளின்ரை கால், ஒரு சீலைக் கரை. ரீச்சரின்ரை முகம் மருந்துக்கும் இல்லை. நண்டுக் கதை நடக்குது; கட்டின தொண்டையும் திறந்திட்டுது. நடுவிலை ஒரு பெடியன், "ரீச்சர், நண்டுக்கு ஏன் கழுத்தில்லை?" எண்டு கேட்டான். "கையைக் கட்டு" எண்டு சொல்லப்போறா எண்டு நினைச்சன். அவ சிரிச்சா. நான் அவ சிரிச்சு அதுவரைக்கும் கேட்டதில்லை. "ஓமடா, ஏன் இல்லை? கழுத்தில்லாமல் எப்பிடித் திரும்பிப் பாக்கிறது? எழும்புங்கோ, செய்து பாப்பம்!" அவ்வளவுதான். கால் எல்லாம் பக்கவாட்டிலை ஓடுது, ஒண்டோடை ஒண்டு முட்டுது, விழுந்து சிரிக்குது. சீலைக் கரையும் சேந்து பக்கவாட்டிலை போகுது. எனக்குப் பிடிச்ச சந்தோசப் புளுகத்திலை நானும் குசினிக்கை கழுத்தைத் திருப்பாமல் நடந்து பாத்தன்.

வீடியோ இணைப்பாளர் தம்பிக்கும் போயிருக்கு, உடனை போன் எடுத்தார். "ஆசிரியரின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று விதி இருக்கு மிஸ். நாளைக்குள்ளை திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ." சரி, திரும்ப எடுக்கிறது பெரிய விசயமோ எண்டு நானும் அவவுக்குச் சொன்னன்.

மறுமொழி வந்தது. மெல்லிய குரல், ஆனால் நடுக்கம் இல்லை.

"இல்லை ரீச்சர். திரும்ப எடுத்தால் அந்தப் பெடியனைத் திரும்பவும் கேக்கச் சொல்லோணும். அவன் நடிப்பான். நானும் நடிப்பன். பழைய வீடியோ மாதிரித்தான் வரும். முகம் தெரியேல்லை எண்டால் பெயில் போடுங்கோ."

பின்னாலை மாமி கத்துறது கேட்டுது: "விசரி, எடுத்துக் குடன்! இடம் போகப் போகுதடி!"

எனக்கு அழுகை வந்திட்டுது. அந்த இடத்துக்காக என்னட்டைக் கெஞ்சின பிள்ளை, அதையே தூக்கிப் பணயம் வைச்சுக்கொண்டு, மாட்டன் எண்டு சொல்லுது. பயமாவும் கிடந்தது. தம்பிக்குப் போன் எடுத்தன்.

"தம்பி, முகம் பாக்கோணுமெண்டால் அடையாள அட்டையை அனுப்பச் சொல்லுறன். இது படிப்பிக்கிற சோதினை."

"விதி மிஸ்."

"நீர் அந்த வீடியோவை முழுக்கப் பாத்தனீரோ?"

"முகம் தெரியேல்லை எண்ட உடனை நிப்பாட்டிப்போட்டன் மிஸ்."

"முழுக்கப் பாத்திட்டு எடும்" எண்டு வைச்சிட்டன்.

பின்னேரம் எடுத்தார். வணக்கமும் இல்லை, ஒண்டும் இல்லை. "மிஸ், உண்மையாவே நண்டுக்கு ஏன் கழுத்தில்லை?" எண்டார். பிறகு தொண்டையைச் செருமி, "குரல் தெளிவாத்தானே இருக்கு, குரலை வைச்சு ஆளை உறுதிப்படுத்தினது எண்டு எழுதுவம்" எண்டார். பாருங்கோ, எங்கடை விதிக்கும் கழுத்து இருந்திருக்கு, திரும்பத்தான் பஞ்சி.

அவ பாஸ். அடுத்த மாசமே பெரிய ரீச்சரின்ரை கதிரையிலை இருக்கிறா எண்டு கேள்விப்பட்டன். ஒரு காலமை திரும்பவும் அந்த நம்பர். மாமி.

"பிள்ளை ரீச்சர், பாஸ் பண்ணினது சந்தோசம். ஆனால் நீங்கள் பழக்கின பழக்கம் பெரிய அரியண்டமாக் கிடக்கு. நேற்றுச் சாப்பிடேக்கை அவளின்ரை சின்னன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. நான் இடையிலை வாயை வைச்சிட்டன். உவள் என்னைப் பாத்து, 'மாமி, கொஞ்சம் பொறுங்கோ, பிள்ளை கதைக்குது' எண்டுறாள். என்ரை வீட்டிலை! எனக்கு!"

"பிறகு நீங்கள் என்ன செய்தனீங்கள் அம்மா?"

அங்காலை பாக்கு வெட்டுற சத்தம் கேட்டுது.

"பொறுத்தன்" எண்டா.