ஏட்டையாவின் ஆஸ்பத்திரிப் பத்திரம்

நோட்டரி தொழிலில் சாவைப் பற்றிப் பேசாமல் ஒரு நாள் ஓடாது. ஆனால் பேச்சை எடுத்ததுமே எதிரே இருப்பவர் ஃபேனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். தென்காசியில் முத்திரையும் கையுமாக உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பாடு புரியும்.

பட்டாவும் சிட்டாவும்

ஆலங்குளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவர் வந்தார். அவர் மனைவி நினைவு தப்பி, மூச்சுக்குக் குழாய் போட்டு, வாரக்கணக்கில் ஐசியூவில் கிடந்து இறந்துபோனவர். "போதும்" என்று சொல்ல இரண்டு மகன்களுக்கும் வாய் வரவில்லையாம். தனக்கு அந்த நிலை வரக்கூடாது, இப்போதே எழுதி வைக்க வேண்டும் என்றார். நல்ல முடிவுதான். ஆனால் பை நிறையப் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று! "இது உங்க உடம்பைப் பத்தின பத்திரம், நிலம் வேண்டாம்" என்றேன்.

"வயலுக்கு நாலு பத்திரம் இருக்கு வக்கீலம்மா. எனக்குன்னு இதான் மொதப் பத்திரம்."

இரண்டு சாட்சிகள்

சாட்சிக்கு அவருடைய பழைய ஸ்டேஷன் நண்பர்கள் இருவர், ஐந்தருவியில் குளித்த ஈரத் தலையோடு வந்தார்கள். ஒருவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். தேற வழியில்லை என்று டாக்டர்கள் சொன்னால் மூச்சு இயந்திரம் வேண்டாம், சரி. வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும், அதுவும் சரி. கடைசிப் பக்கத்தில் முகம் சுளித்தார்.

"எல்லாம் சரிதாம்மா. சம்பவம் என்னைக்குன்னு தேதி போடலியே?"

யார் பேசுவது?

ஏட்டையாவுக்கு நினைவில்லாதபோது டாக்டரிடம் பேச ஓர் ஆள் வேண்டும். மூத்த மகன் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தேன். அவரோ செங்கோட்டையில் இருக்கும் மகள் பெயரைச் சொன்னார். அவர் சொல்லை மீறிக் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். பன்னிரண்டு வருடமாகப் பேச்சே இல்லை. அவள் மறுத்தால் முடிவு மறுபடியும் வாய் வராத மகன்களிடம்தான் போய் நிற்கும். நானே போன் செய்தேன். வந்தாள், உட்காரவில்லை.

"என்னைய எதுக்குப்பா?"

"எனக்கு எதுத்து நின்னவ நீ ஒருத்திதாம்ட்டி. டாக்டர்மாருட்டயும் நிப்ப."

அவள் முழுவதையும் படித்தாள். "வலி தெரியாம பாத்துக்கணும்னு ஒரு வரி இல்லியே? சேத்தாத்தான் கையெழுத்து போடுவேன்" என்றாள். வலியெல்லாம் தாங்கிக்கொள்வேன் என்றார் ஏட்டையா. "நான் தாங்க மாட்டேன்" என்றாள் மகள். சேர்த்தேன். அவர் பெருமை தாங்காமல் என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியளா வக்கீலம்மா, இப்பவே ஆரம்பிச்சுட்டா!"

அன்றிலிருந்து இந்தப் பத்திரத்துக்கு யார் வந்தாலும், "வீட்டில் உங்களோடு அதிகம் சண்டை போடுவது யார்?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.