கீழே இல்லாத கியர்

ரயில்வே கேட்டைத் தூக்கியதும் வில்பிரட்டின் இடது கை வழக்கம்போலக் கீழே போயிற்று. சீட்டின் நடுவில் எதையோ இறுகப் பிடித்து முன்னால் தள்ளியது. அது ரத்தினபாய் டீச்சரின் டிபன் பை. உள்ளே தயிர்சாதம் ஒரு குலுங்கு குலுங்கியது. "மேல, சார், மேல" என்றார் டீச்சர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். வில்பிரட் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஸ்டீயரிங்குக்கு அடியில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த கியர் ராடைத் தேடிப் பிடித்தார். அதற்குள் பின்னால் நின்ற லாரிக்காரன் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டான்.

முதல் நாள் அந்தக் கை எங்கே போய் விழுந்தது என்பதை டீச்சரும் யாரிடமும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து நடுவில் டிபன் பை வந்து உட்கார்ந்துகொண்டது.

வில்பிரட்டுக்கு நாற்பத்தாறு வயது. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் டூல் ரூம் மேற்பார்வை. குடியிருப்பு அஸ்தினாபுரம். ஓட்டுவது சாம்பல் நிற பியட். ஒரு டாக்டர் பன்னிரண்டு வருஷம் பதவிசாக வைத்திருந்த வண்டி. இந்த 1987ஆம் வருஷத்தில் குரோம்பேட்டையில் அப்படி ஐம்பது பியட்டாவது இருக்கும். ஆனால் ஐம்பதில் ஒன்றை ஓட்டுகிறவராக வில்பிரட்டை முன்பு யாரும் நினைத்ததில்லை. போன வருஷம்வரை அவரிடம் இருந்தது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், கூரை கிடையாது, உட்கார்ந்தால் பிருஷ்டம் தார் ரோட்டைத் தொடும் உயரம். பரங்கிமலையில் இருந்த ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது. அதைப் பிரித்துப் பூட்டி, சோழவரம் பந்தயத்தில் ஓட்டி, ஒரு தடவை நாலாவதாகவும் வந்தார். மூன்றாவதாக வந்தவனுக்கு டயர் புதுசு என்பதை இன்றைக்குக் கேட்டாலும் விளக்கமாகச் சொல்வார்.

அந்த வண்டியில் கியர் தரையில் இருந்தது, உள்ளங்கைக்குள் அடங்குகிற குமிழோடு. பத்து வருஷப் பழக்கம். இந்த பியட்டில் கியர் மேலே இருக்கிறது என்று மூளை ஒப்புக்கொண்டுவிட்டது, கை ஒப்புக்கொள்ளவில்லை. இவ்வளவு நீள சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவது, பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பார். ஆனாலும் ஓட்டுகிறார். நாற்பதுக்கு மேல் முள் போகக் கூடாது. பஸ்ஸை முந்தக் கூடாது. தேவையில்லாமல் ஹாரன் கூடாது. இதெல்லாம் அவரே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

சட்டம் எதற்கு என்றால், ஞானஜோதிக்காக.

ஞானஜோதி அவர் மனைவி. பல்லாவரத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எண்பத்தைந்து கிறிஸ்துமஸ் வாரத்தில் செங்கல்பட்டில் ஒரு கல்யாணம் முடிந்து இருவரும் சிவப்பு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஊரப்பாக்கத்தில் ஒரு டூரிஸ்ட் பஸ் இவரை முந்தியது. அவ்வளவுதான் விஷயம். ஞானஜோதி வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னார். வண்டலூர் தாண்டுவதற்குள் வண்டி ரோட்டைவிட்டு இறங்கிப் பனைமரத்தில் போய் நின்றது. வில்பிரட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்த வெட்கம் அவருக்கு இன்னும் போகவில்லை. ஞானஜோதிக்கு வலது தோள் எலும்பு இரண்டாக முறிந்தது. ஆஸ்பத்திரியில் அழவில்லை, திட்டவில்லை. கட்டு அவிழ்த்த அன்று மட்டும், "இனிமே நீங்க ஓட்டுற வண்டியில நான் ஏற மாட்டேங்க" என்றார். சொன்னபடியே ஏறவில்லை.

சிவப்பு வண்டியை மகாபலிபுரம் பக்கம் ஹோட்டல் வைத்திருப்பவரின் மகனுக்குக் கொடுத்துவிட்டு பியட்டை வாங்கினார் வில்பிரட். பள்ளிக்கூடம் அவர் போகிற வழியில்தான். காலை எட்டு பத்துக்கு இடது பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஞானஜோதி குடையையும் நோட்டுக் கட்டையும் எடுத்துக்கொண்டு, திறந்த கதவைச் சுற்றிக்கொண்டு, ஸ்டேஷனுக்கு நடப்பார். இருபத்தைந்து நிமிஷ நடை. ஆரம்பத்தில் வில்பிரட் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு போனதுண்டு. "ரோட்ல வேடிக்கை காட்டாதீங்க" என்றதும் விட்டுவிட்டார். அதன்பிறகு கேட்பதும் இல்லை, கெஞ்சுவதும் இல்லை. கதவை மட்டும் திறந்து வைப்பார், ஞாயிறு தவிர எல்லா நாளும், பதினான்கு மாதமாக. சில நாள் அவர் கேட்டில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, கேட் எந்த ரயிலுக்காகப் போட்டார்களோ அந்த ரயிலில் அவர் மனைவி போவார்.

காலி சீட்டில் ரத்தினபாய் டீச்சர் வந்து ஏறியது மூட்டு வலியால் என்று பெயர். அதே தெரு, அதே பள்ளிக்கூடம். உள்ளபடி அவர் ஞானஜோதியின் ஒற்றர். எத்தனை பஸ்ஸை முந்தினார், முள் எங்கே நின்றது என்பதெல்லாம் டீச்சர்கள் அறைக்கு அன்றன்றே போய்ச் சேர்ந்துவிடும். வில்பிரட்டுக்கு இது தெரியும். தெரிந்துதான், முள் நன்றாகத் தெரியட்டும் என்று தினமும் டேஷ்போர்டு கண்ணாடியைத் துடைத்து வைப்பார்.

ஒற்றர் இந்தப் பக்கமும் சேதி சொல்வார். ஞானஜோதி இப்போது கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதுகிறார், கை தோளுக்கு மேல் ஏறுவதில்லை, மேல்பாதி எந்நேரமும் காலியாகவே இருக்கிறது என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். வில்பிரட் அன்று கிண்டி போய்ச் சேரும்வரை மூன்றாவது கியரிலேயே ஓட்டினார். நாலாவது ஒன்று இருப்பதே நினைவில்லை.

மெக்கானிக் சேட்டுவுக்கு இந்தக் கை சமாசாரம் பொறுக்கவில்லை. சர்வீஸுக்கு விட்டபோதெல்லாம் நச்சரித்தார். "இன்னா சார், எத்தினி நாளிக்கு இந்தப் பேஜாரு? கீய கியர் போட்டுக் குட்த்துட்றேன், ரெண்டே நாளு. அந்த செவப்பு வண்டி மாதிரியே சோக்கா இருக்கும்."

"வேணாம் சேட்டு" என்றார் வில்பிரட். "மாத்த வேண்டியது வண்டிய இல்ல, என் கைய."

சேட்டு சிரித்துவிட்டு ஸ்பேனரைத் தேடப் போனார். கையை மாற்றுகிற பட்டறை அவருக்குத் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை நடந்தது இது. குரோம்பேட்டை தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. வில்பிரட்டுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சத்தத்தைப் பத்து வருஷம் வளர்த்தவர் அவர். சிவப்பு வண்டி உரசுகிற மாதிரி வந்து முந்திக்கொண்டு போயிற்று. ஓட்டிய பையன் பியட்டை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கியரை மாற்றினான். பல்லோடு பல் அரைபடுகிற அந்தக் கரகரப்பு வில்பிரட்டின் நெஞ்சுக்குள் கேட்டது.

"கிளட்ச முழுசா மிதிடா, பாவி" என்று முனகினார்.

கால் அவரைக் கேட்கவில்லை. பியட் உறுமிக்கொண்டு எழும்பிற்று. முள் நாற்பதைத் தாண்டியது, ஐம்பதைத் தாண்டியது. சிவப்பு வண்டியின் பின்பக்கம் நெருங்கி வந்தது. பையனுக்கு நாலாவது கியர் விழவில்லை. இன்னும் பத்து விநாடி போதும். ரத்தினபாய் டீச்சர் டிபன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

வில்பிரட் காலை எடுத்தார். ஐம்பது, நாற்பத்தைந்து, நாற்பது. ஒரு தண்ணீர் லாரி, இரண்டு ஆட்டோ, பிறகு ஒரு ஸ்கூட்டர்கூட அவரை முந்திக்கொண்டு போயிற்று. போகட்டும் என்று விட்டார். பள்ளிக்கூட வாசலில் டீச்சர் இறங்கும்போது வில்பிரட்டின் நெற்றி முழுக்க வேர்வை.

ஒற்றர் ஒளிக்காமல் சொன்னார். ஐம்பத்தைந்து வரை போனது, ஏன் போனது, எல்லாவற்றையும். ஞானஜோதி திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினாராம். "நீங்க எதுவும் சொன்னீங்களாக்கா?" என்று கேட்டாராம்.

"நான் எங்க சொன்னேன்? எனக்குப் பேச்சே வரல. அவரேதான் எறக்கினாரு."

"அவரேவா?"

"ஆமா ஜோதி. அவரேதான்."

மணி அடித்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எழவில்லை. சனிக்கிழமை அரைநாள் வகுப்பு, ஞானஜோதி நடந்தார். ஞாயிறு கோயிலுக்கும் இருவரும் நடந்தே போனார்கள். விஷயம் போய்ச் சேர்ந்திருக்கும், எல்லாம் கெட்டது என்று வில்பிரட் முடிவுகட்டிக்கொண்டார். இருந்தும் திங்கட்கிழமை காலை எட்டு பத்துக்குக் கண்ணாடியைத் துடைத்து, இடது கதவைத் திறந்து வைத்து, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்னும் பதினான்கு மாதம் ஆனாலும் திறந்து வைப்பதென்றுதான் இருந்தார்.

சீட் இடது பக்கம் லேசாக அமுங்கியது. ரத்தினபாய் டீச்சர் என்று நினைத்து "குட் மார்னிங்" என்றார். நோட்டுக் கட்டை மடியில் வைக்கிற சத்தமும், குடையைக் காலடியில் சாத்துகிற சத்தமும் கேட்டன. கதவு சாத்திக்கொண்டது.

வில்பிரட் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவாரோ என்ற பயம். சோக்கை இழுத்தார், சாவியைத் திருப்பினார், கிளட்சை மிதித்தார். இடது கை நேராகக் கீழே போய், சீட்டின் நடுவில் இல்லாத குமிழைத் தேடியது.

ஞானஜோதி தன் வலது கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். தோளில் வலி எடுத்திருக்க வேண்டும்; முகம் ஒரு தடவை சுருங்கியது. அந்தக் கையை மெதுவாகத் தூக்கி, ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்த கியர் ராடின்மேல் வைத்தார். முதல் கியர் விழும்வரை தன் கையை எடுக்கவில்லை.