புள்ளி வராத நோட்டீஸ்

லூபோக் சீனா பக்கத்துத் தோட்டக் கோயிலுக்குத் திருவிழா நோட்டீஸ் அடித்துக் கொடுக்கும் வேலை பல ஆண்டுகளாக என்னுடையது. அலோர் காஜாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர்களுக்கெல்லாம் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த விண்ணப்பப் பாரத்துக்கு எத்தனை நகல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தொண்ணூறுகளின் நடுவில் டைப்ரைட்டரை மூடிவிட்டுக் கம்ப்யூட்டரும் ஒன்பது ஊசி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் வாங்கினேன். எங்கள் தாமான் குடியிருப்பில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். இரண்டாவதை எதிர்வீட்டு லோரிக்காரர் வாங்கினார். அதே கடை, அதே பிரிண்டர்.

அவர் வீட்டுக் காதணி விழா அழைப்பு வந்தபோது கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அச்சகத்தில் அடித்ததைப்போல் இருந்தது. என் பிரிண்டரோ மெய்யெழுத்தின் புள்ளியை எழுத்தோடு ஒட்டிவிடும், இல்லாவிட்டால் விழுங்கிவிடும்.

அந்த வாரக் கூட்டத்தில் கோயில் தலைவர் என் நோட்டீஸைச் சத்தமாகப் படித்தார்.

"அனபரகள அனைவரும வருக... ஐயா, இது என்ன பாஷை லா?"

லோரிக்காரர் சும்மா இருக்கவில்லை. "கிராணியார் கவர்மெண்ட்டு ஆளு. புள்ளிய மிச்சம் புடிச்சிருக்காரு."

எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் சொன்னார்: "அடுத்த ஞாயிறு ரெண்டு பேரும் ஆளுக்கொரு மாதிரித் தாள் அடிச்சிட்டு வாங்க. நல்லா இருக்கிறவங்களுக்கே வேலை."

அந்த வாரம் பிரிண்டர் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். புது ரிப்பன் மாட்டினேன். ஊசித் தலையை ஸ்பிரிட்டால் துடைத்தேன். தாளின் தடிமனுக்கு நெம்புகோலை ஒரு படி குறைத்தேன். வரிகள் ஆடாமலிருக்க ஒரே திசையில் அடிக்கவைத்தேன். கடைசியில் ஓர் அடிக்குறிப்பு கண்ணில் பட்டது. அழகான எழுத்துக்கென்று இருந்த பொத்தான், பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும்தானாம். தமிழ் அதற்கு வெறும் படம். மாதக்கணக்கில் அந்தப் பொத்தானை நம்பிக்கையோடு அழுத்தியிருக்கிறேன். அடிக்குறிப்பைப் படிக்கவில்லை என்று எத்தனை பேருடைய பாரத்தைத் திருப்பி அனுப்பியவன் நான்!

மாதிரியை நகலெடுக்கப் போட்டோஸ்டாட் கடைக்குப் போனேன். கடைக்காரப் பாய் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க எதிர்வீட்டு அண்ணன் இப்படிக் கொண்டாற மாட்டாரே. கண்ணு சரியா தெரியலன்னு பெரிய பெரிய எழுத்தா அடிச்சிட்டு வருவாரு. நான் பாதியா சுருக்கிக் குடுப்பேன். அவ்ளோதான்."

பெரிதாக அடித்தால் மெய்யின் புள்ளி எழுத்தோடு ஒட்டாது; சுருக்கினால் ஊசிக்குத்துகள் நெருங்கும், எழுத்தின் ஓரத்தில் பல் பல்லாகத் தெரிவதும் மறையும். கண்ணாடி மாற்றச் சோம்பல்பட்ட மனிதருக்கு இது தானாகவே கிடைத்திருக்கிறது! வீட்டுக்குப் போய்ப் பெரிதாக அடித்து வந்தேன். பாய் ஒன்றும் கேட்காமல் சுருக்கிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் இரண்டு தாளையும் புரட்டினார். என்னுடையதை எடுத்து லோரிக்காரரிடம் நீட்டினார்.

"உங்களோடதுதான் சூப்பர்ணே. ஒவ்வொரு புள்ளியும் தெரியுது."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் யாரிடம் கற்றேன் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். லோரிக்காரர் தாளைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னுது இல்லீங்க. என்னுதுல 'ள' எல்லாம் 'ல'வா இருக்கும். இது கிராணியாரோடது. அவரே அடிக்கட்டும், எனக்கு வேலை மிச்சம்."

பிறகு என் பக்கம் குனிந்தார். "பாய் கடையா?"

"ஆமா."

"ரிப்பன் புதுசோ?"

"ஆமா."

"அதெல்லாம் எதுக்கு லா," என்று சிரித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

வேலை என்னிடமே வந்தது. அவர் அதைத் தூக்கிக் கொடுத்த விதம்தான் இன்றும் எரிகிறது. கூட்டம் கலைந்ததும் மேசையில் கிடந்த அவருடைய தாளை எடுத்துப் பார்த்தேன். பழைய ரிப்பன், பாதி இடத்தில் 'ள'வுக்குப் பதில் 'ல'. ஆனால் ஒரு புள்ளிகூட விடுபடவில்லை.