துவைத்துப் பார்த்த சர்வர்

சரோஜாதேவி அக்காவுக்குப் பிளவுஸ் பிட்டையும் சர்வரையும் ஒரே மாதிரிதான் வாங்கத் தெரியும். குறையாகச் சொல்லவில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வெப்சைட் கட்டிக்கொடுக்கும் கம்பெனி நடத்துகிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு, பிறகு போன் போட்டு உயிரை எடுப்பார்கள். அக்கா ஒருவர்தான் எடுத்த எடுப்பிலேயே, "இது எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டவர்.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் தி.நகருக்கு மருமகளாக வந்தவர். பன்னிரண்டு வருடம் குடும்பத் துணிக்கடையின் பிளவுஸ் பிட் கவுண்டரில் நின்றார். புடவையை விரிக்கக்கூட வேண்டாம், மடிப்பைப் பார்த்தே பொருத்தமான துணியை உருவுவார். உருவும்போதே வந்தவளை ஒரு தடவையாவது சிரிக்கவைத்துவிடுவார். ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்தபோது போனில் படம் அனுப்பி விற்கத் தொடங்கினார். அது வளர்ந்து வெப்சைட் ஆனது. மூன்றாம் மாடி ஸ்டாக் ரூமில் ஒரு கம்ப்யூட்டரோடு போய் உட்கார்ந்துகொண்டார். அந்த அறை அவருக்கு உயிர்.

போன ஆடித் தள்ளுபடியின் முதல் நாளே கூட்டம் தாங்காமல் சைட் படுத்துவிட்டது. கடையை நடத்துகிறவர் அக்காவின் கணவருக்கு அண்ணன், சிதம்பரநாதன் அண்ணாச்சி. இந்த வருடம் அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"இந்தத் தடவையும் விழுந்துச்சுன்னா மூடிட்டுக் கவுண்டருக்கு வந்துரு."

ஆக, புது சர்வர் வேண்டும். சர்வர் என்பது எங்கோ ஒரு கட்டடத்தில் ஓயாமல் ஓடும் கம்ப்யூட்டர், அதில்தான் நம் சைட் குடியிருக்கும், அது விண்டோஸில் ஓடுவதா லினக்ஸில் ஓடுவதா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும் என்று விளக்கினேன்.

"எது நல்லது ஃபிசா?"

"எனக்கு லினக்ஸ்தான்க்கா பழக்கம். லைசென்ஸ் காசும் கிடையாது. ஆனா கடையில எல்லா மிஷினும் விண்டோஸ், அதுவும் தப்பில்ல. நம்ம சைட்டு ரெண்டுலயும் ஓடும்."

"அப்போ ரெண்டையும் ஒரு வாரத்துக்குக் கேளு. துவைச்சுப் பாத்து எடுப்போம்."

புதுச் சரக்கு வந்தால் ஒரு துண்டு வெட்டி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கிப் பார்ப்பது அந்தக் கடையின் வழக்கம். சர்வரைக் கசக்க ஆள் வேண்டும். ஒரே நேரத்தில் நாற்பது பேர் சைட்டுக்குள் வந்து நாலு சேலையைப் பார்த்தால் போதும் என்றேன். "சொந்தக்காரங்க இருக்காங்கள்லா" என்றார் அக்கா. அங்கேயே நான் தடுத்திருக்க வேண்டும்.

பிறந்த வீட்டாருக்கு லினக்ஸ் லிங்க், புகுந்த வீட்டாருக்கு விண்டோஸ் லிங்க். ஒரு வீட்டுக்கு முதலில் சொன்னால் இன்னொரு வீட்டுக்கு வருத்தம் வரும் என்று, இரண்டு போனை இரண்டு கையில் வைத்துக்கொண்டு ஒரே நொடியில் அனுப்பினார்: "புதன்கிழமை மூணு மணிக்கு எல்லாரும் குடும்பத்தோட நம்ம சைட்டுக்கு அவசியம் வரணும்." அழைப்பு என்று ஒன்று வந்துவிட்டால், அந்தக் குடும்பங்களில் தனியாளாகப் போவது மரியாதையே இல்லை. இது எனக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு லினக்ஸ் பக்கம் திசையன்விளை வந்தது, நாகர்கோவில் வந்தது, மும்பையும் துபாயும் வந்தன. மூவாயிரம் பேர்! ஒரு சித்தப்பா பல் டாக்டர் நாற்காலியில் படுத்துக்கொண்டே லிங்க்கை அமுக்குவதாகப் போட்டோ அனுப்பினார். "எல்லாரும் வந்துட்டாங்கட்டி!" என்று அக்கா குதிக்க, ஏதோ எனக்கே கல்யாணம் மாதிரி நானும் குதித்தேன். மூன்று மணி ஏழு நிமிடத்துக்கு லினக்ஸ் பொத்தென்று விழுந்தது.

விண்டோஸ் அசையவில்லை. புகுந்த வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் பட்டாசுப் படங்களாக வெடித்தன. எனக்குச் சந்தேகம் வந்து, எத்தனை பேர் வந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவைத் திறந்தேன். அந்தப் பக்கம் வந்தவர்கள் மொத்தமே பதினோரு பேர்! விசாரித்தால், "நம்ம வீட்டு மிஷினை நாமளே அமுக்கித் தள்ளிவிடலாமா?" என்று ஒரு பெரியம்மா குரல் பதிவு போட்டு எல்லோரையும் அடக்கியிருக்கிறார்.

அண்ணாச்சி மாடியேறி வந்தார். "ஒண்ணு விழுந்துட்டு, இன்னொண்ணுல ஆளே இல்ல. போதும் சரோஜா, கீழ வா."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு என் மேலேயே கோபம். எத்தனை பேரை ஒரே சமயத்தில் உள்ளே விடலாம் என்ற அளவை நாற்பது பேருக்கென்றே வைத்திருந்தேன். அதைக் கூட்டி லினக்ஸை எழுப்பினேன்.

"இன்னும் ஒரே தடவை அத்தான். இப்போ லிங்க்கை மாத்திப் போடுதேன்" என்றார் அக்கா. அண்ணாச்சி விறுவிறுவென்று கீழே இறங்கிக் கல்லாவுக்குப் போனார்.

நாலு மணிக்கு ஆரம்பித்தது கூத்து. இது சம்பந்தி வீட்டு லினக்ஸ் என்று தெரிந்ததும், "இப்போ அமுக்குங்க!" என்று அதே பெரியம்மா உத்தரவு போட்டார். ஐயாயிரம் பேர் பாய்ந்தார்கள். லினக்ஸ் கல்லுப் போல நின்றது. பிறந்த வீட்டாரோ, சம்பந்தி வீட்டுப் பொருளைத் தள்ளிவிட்ட பழி நமக்கு வேண்டாம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். விண்டோஸ் பக்கம் ஈ காக்கை இல்லை.

அக்கா என்னைப் பிடித்துச் சுற்றியதில் ஒரு கட்டுத் துணி சரிந்து என் காலில் விழுந்தது. வலிக்கவே இல்லை.

"லினக்ஸையே எடு. மத்தது நல்லதாத்தான் இருக்கும், ஆனா அது இன்னும் நனையவே இல்லியே. நனையாததை எப்படி நம்ப? சரி, ஆரு ரொம்ப அமுக்கினதுன்னு பாரு, ஒரு சேலை குடுப்போம்."

பார்த்தேன். முதலிடம், நானூற்றுப் பன்னிரண்டு தடவை: கீழே கல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டர்.

இரண்டு பேரும் படியிறங்கி ஓடினோம். அண்ணாச்சி மவுஸிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை.

"ஆமா, நான்தான். விழட்டும்னுதான் அமுக்குனேன்." குரல் தாழ்ந்தது. "நீ மாடிக்குப் போனதுலேர்ந்து அந்தக் கவுண்டர்ல ஒருத்தரும் சிரிக்கது இல்ல சரோஜா. எனக்குக் கடையில உக்காரவே பிடிக்கல."

"இதை வாயைத் தொறந்து சொல்லக்கூடாதா அத்தான்?" அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஃபிசா, அந்த சர்வர் எந்த ஊர்ல இருக்கு?"

"மும்பைலக்கா."

"அது மும்பைல இருக்கும்போது, நான் எங்க உக்காந்தா என்ன?"

அன்று சாயங்காலமே மூன்றாம் மாடிக் கம்ப்யூட்டரைப் பிளவுஸ் பிட் கவுண்டருக்கு இறக்கினோம். ஒயர் காலில் தடுக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி பின்னாலேயே வந்தார்.