இயல்பு என்று அச்சிட்டிருந்த எல்லை

இடுப்பின் வலப்பக்கம் எரிச்சலோடு கொப்புளங்கள் கிளம்பியபோது வேர்க்குரு என்றுதான் நினைத்தேன். தட்டாஞ்சாவடியில் நான் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டிப் பட்டறையில் வெயில் காலத்தில் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் அது அக்கி (நரம்பைப் பிடித்துக்கொண்டு உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் வரும் கொப்புள நோய்).

மருத்துவமனையில் டாக்டரம்மா என் வயதைக் கேட்டார். நாற்பது என்றேன். “இந்த வயசுல வந்தா எச்.ஐ.வி.யும் ஒருதடவ பாத்துடுவோம்மா. பயப்படாதீங்க.”

இல்லை என்று வந்தது. கூடவே சிடி4 அணுக்களையும் எண்ணிப் பார்த்தார்கள் (நோய்க்கிருமி வந்தால் மற்ற அணுக்களை ஏவிவிடும் வெள்ளை அணுக்கள்). தாளில் இயல்பு என்று அச்சிட்டிருந்த எல்லைக்குக் கீழே இருந்தது என் எண்ணிக்கை. அக்கியால் குறைந்திருக்கும், ஆறியதும் பார்க்கலாம் என்றார்கள். கொப்புளம் ஆறியது. எண்ணிக்கை ஏறவில்லை. எச்.ஐ.வி. மறுபடியும் இல்லை என்றே வந்தது.

நான் மணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறேன்; சாப்பாடு மட்டும் அதுவரை கீழே. பரிசோதனை பற்றித் தெரிந்ததும், இனி மாடியிலேயே சாப்பிடச் சொன்னார் அண்ணி.

“இல்லன்னுதான் சொல்லிட்டாங்களே அண்ணி.”

“அதுக்கில்ல ஸ்டெல்லா. புள்ளைங்களுக்கு சளி. ஒனக்கு ஒட்டிக்கக் கூடாது பாரு.”

அன்றிலிருந்து சாப்பாடு தூக்கில் மாடிக்கு வந்தது. அண்ணி பொய் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குச் சளி விட்ட பிறகும் நான் மாடியிலேயே சாப்பிட்டேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு இது புரியும். வலி இருந்தால் அதோடு மல்லுக்கட்டலாம். எனக்கோ ஒன்றுமே இல்லை. பசித்தது, வேலைக்குப் போனேன், தூங்கினேன். கூட்டத்துக்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டேன். யாராவது தும்மினால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். மாடியில் என் இருமலைக் கேட்க நான் மட்டும்தான் இருந்தேன்.

அடுத்த முறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனபோது டாக்டரம்மா சொன்னார்: “இந்தத் தாள்ல இருக்கறது வெளிநாட்டு ஆளுங்கள வச்சுப் போட்ட எல்லை. நம்ம ஊர்ல நல்லா இருக்கறவங்களுக்கு எவ்ளோ இருக்குன்னு இப்பதான் பாத்துட்டு இருக்கோம். ஒத்துப் பாக்க உங்க வீட்ல யாராவது ரத்தம் குடுப்பாங்களா?”

அண்ணன் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் பெட்டி ஏற்றுபவர். காய்ச்சல் என்று அவர் படுத்து நான் பார்த்ததில்லை. “எனக்கு இன்னாத்துக்கு?” என்றவர், பிறகு என்ன நினைத்தாரோ, வந்தார்.

முடிவு கேட்க இருவருமாகப் போனோம். அண்ணனுக்கு என்னைவிடக் குறைவாக இருந்தது. அவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப எனக்கும் அதானா?”

“உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. இங்க நல்லா இருக்கற நெறைய பேருக்கு இந்த அளவுதான் இருக்கு. ரெண்டு பேருமே நம்ம ஊரு எல்லைக்குள்ளதான் இருக்கீங்க.”

“மறுபடி எப்ப வரணும்?” என்று கேட்டேன்.

“வர வேணாம்மா. ஏதாவதுன்னா மட்டும் வாங்க.”

வெளியே நடைபாதை பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். உள்ளே பயந்தது இன்னும் அவர் முகத்தில் இருந்தது.

“இத்தன மாசமா இப்பிடித்தான் இருந்தியா நீ?”

நான் கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

இப்போதும் பேருந்துக்கு நிற்கும்போது, முழங்கை மடிப்பில் ஊசி ஏறிய இடத்தைக் கட்டைவிரல் தானாகத் தேடுகிறது. அடுத்த பரிசோதனை வரை, அதற்கடுத்தது வரை என்றுதான் வாழ்ந்துகொண்டிருந்தேன். இனி அப்படி ஒரு ‘வரை’ கிடையாது. முன்னால் வெறும் நாட்கள் கிடக்கின்றன. ஒன்றும் இல்லை என்று சொல்லப்பட்ட இந்த உடம்பு இன்னும் பழகவில்லை. புதிதாகக் குடிவந்தவளைப் போல, சத்தம் வராமல் இதற்குள் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.